அம்மாவின் வயிற்றில் கிருமி, பிறக்கப் போகும் பிள்ளைக்கு என்ன?

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயது. இரண்டாவது முறை கர்ப்பமாக இருக்கிறேன், இப்போது 32 வாரம். சென்ற மாதம் நீர்க்கடுப்பு வந்து சிறுநீர் கல்ச்சர் எடுத்ததில் ‘ஈ.கோலை, இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்’ என்று வந்தது. நிறைய மருந்துகளுக்கு நேரே ‘ஆர்’ போட்டிருந்தார்கள். டாக்டர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற பொடி ஒரே ஒரு வேளை கொடுத்தார். எரிச்சல் நின்றுவிட்டது, பயம் நிற்கவில்லை. மூத்த பையன் 33 வாரத்திலேயே 1,700 கிராம் எடையில் பிறந்தவன். ஐந்தாம் நாள் ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது, கிளெப்சியெல்லா என்றார்கள். மருந்தை மாற்றி மாற்றிப் போட்டு, கடைசியில் கொலிஸ்டின் கொடுத்துக் காப்பாற்றினார்கள். இப்போது நான்கு வயது, நன்றாக இருக்கிறான். அன்று அவனுக்குப் போனது என் கிருமிதானா? இந்தக் குழந்தைக்கும் போகுமா? பிரசவத்துக்கு முன்பே ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் எடுத்து உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளலாமா? சிசேரியன் செய்தால் தப்பிக்குமா? தாய்ப்பாலிலும் போகும் என்று படித்ததிலிருந்து பால் கொடுக்கவே பயமாக இருக்கிறது. கோழியும் முட்டையும்தான் காரணம் என்று வீட்டுக்காரர் இரண்டையும் நிறுத்திவிட்டார். (பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘சுத்தம் செய்துகொள்ள’ என்று எந்த ஆன்டிபயாடிக்கும் எடுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். (இந்த மருந்துகளில் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 மார்ச்சிலிருந்து சட்டமே இருக்கிறது. எத்தனை கடையில் நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.) தாய்ப்பாலை நிறுத்தவும் தேவையில்லை, கிருமிக்குப் பயந்து சிசேரியன் கேட்கவும் தேவையில்லை. மற்றதை ஆற அமரப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.பி.எல். என்பது ஒரு தனிக் கிருமியின் பெயர் அல்ல. சாதாரண ஈ.கோலைதான், எல்லார் குடலிலும் இருப்பது. அது கூடுதலாக ஒரு நொதியைச் சுரக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் என்று ‘செஃப்’பில் தொடங்குகிற மருந்துகளை அந்த நொதி உடைத்துப் போட்டுவிடும். அதனால்தான் அந்த வரிசை முழுக்க ‘ஆர்’, அதாவது அந்த மருந்து வேலை செய்யாது. ஆனால் கீழே பாருங்கள்: நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின், மெரோபெனம் நான்குக்கும் நேரே ‘எஸ்’ இருக்கிறது. ‘எஸ்’ என்றால் அந்த மருந்து வேலை செய்யும். நீங்கள் குடித்த பொடி ஃபாஸ்ஃபோமைசின். ஆக உங்களிடம் இருப்பது எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி அல்ல. வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகளுக்கு அடங்காத கிருமி, அவ்வளவுதான்.

மெரோபெனத்துக்கும் ‘ஆர்’ என்று வந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அந்த வகையில் பேர்போனது என்.டி.எம்.-1, மெரோபெனத்தையும் உடைத்துப் போடுகிற நொதி. பெயரின் முதல் இரண்டு எழுத்தும் ‘நியூ டெல்லி’. டெல்லியில் சிகிச்சை எடுத்துத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் 2008இல் கண்டுபிடித்தார்கள். 2010இல் அதைப் பற்றி வந்த பெரிய ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அந்த நொதிக்கான மரபணு இருந்தது. நாடே அப்போது ‘டெல்லி பெயரை எப்படி வைக்கலாம்’ என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அந்த மாதிரிகளில் பல, ஆஸ்பத்திரியில் படுத்திருக்காமல் வெளியிலிருந்து சிறுநீர்த் தொற்றோடு வந்தவர்களிடம் எடுத்தவை என்ற முக்கியமான சேதியை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சிறுநீரில் இருந்ததற்கு மருந்து கொடுத்தது சரியான காரியம். கர்ப்ப காலத்தில் எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி பெருகியிருந்தால்கூட மருந்து கொடுப்போம். விட்டுவைத்தால் நான்கில் ஒருவருக்கு வரை சிறுநீரகத்துக்கு ஏறிக் குளிர்காய்ச்சலாக மாறலாம், குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவிடும். பொடி குடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி கல்ச்சர் எடுத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் தோலில் இருக்கிற கிருமியெல்லாம் கல்ச்சரில் வளர்ந்து வீண் கலவரம் வரும்.

சிறுநீரில் போய்விட்டது, குடலில் இருக்குமே என்பீர்கள். இருக்கலாம். நம் ஊரில் நல்ல உடம்போடு நடமாடுகிற எத்தனையோ பேர் குடலில் இது இருக்கிறது, அவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நெதர்லாந்தில் வெளிநாட்டுப் பயணிகளை ஊருக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் சோதித்தார்கள். கிளம்பும்போது இது இல்லாமல் இருந்து, இந்தியா உள்ளிட்ட தெற்காசியப் பக்கம் வந்துவிட்டுப் போனவர்களில் 75 சதவீதம் பேர் இ.எஸ்.பி.எல். கிருமியை வயிற்றில் சுமந்துகொண்டு திரும்பினார்கள். சில வாரம் இங்கே சாப்பிட்டதற்கே அப்படி. நாம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: புதிதாக ஒட்டிக்கொண்ட கிருமி பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் தானாகவே போய்விட்டது, ஒரு வருடம் கழித்தும் இருந்தது சுமார் 11 சதவீதம் பேரிடம்தான். எந்த மருந்தும் கொடுக்காமலே.

கிருமி குடியிருப்பது வேறு, நோய் உண்டாக்குவது வேறு. இதை வைத்துக்கொண்டுதான் உங்கள் மூத்த பையனின் விஷயத்துக்குப் போக வேண்டும்.

நாங்கள் படித்த பாடப்புத்தகத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். பிறந்து 72 மணி நேரத்துக்குள் செப்சிஸ் (ரத்தத்தில் கிருமி கலந்து உடம்பு முழுவதையும் பாதிப்பது) வந்தால் கிருமி அம்மாவிடமிருந்து வந்தது, அதற்கு மேல் வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. மேலை நாடுகளில் அந்தக் கோடு ஓரளவு சரியாகவே இருக்கும், அங்கே முதல் மூன்று நாளில் வருவது பெரும்பாலும் ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அடுத்தபடி ஈ.கோலை. இரண்டுமே தாயின் பிறப்புப் பாதையிலும் குடலிலும் இருப்பவை. நம் நாட்டு நிலவரத்தை டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை பார்த்தார்கள். அங்கே நடந்த 88,000க்கும் மேற்பட்ட பிறப்புகளில், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் குழந்தைகளில் 14 சதவீதம் பேருக்கு செப்சிஸ். அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்தது.

சரி, அப்படியென்றால் எல்லாம் அம்மாவிடமிருந்து வந்ததா? கிருமிகளின் பட்டியலைப் பாருங்கள். முதலிடத்தில் அசினெட்டோபாக்டர், 22 சதவீதம். அடுத்து கிளெப்சியெல்லா 17, ஈ.கோலை 14. அசினெட்டோபாக்டர் தாயின் பிறப்புறுப்பில் வழக்கமாகக் குடியிருக்கிற கிருமி அல்ல. வார்டுக் கிருமி. காய்ந்த மேசைமேல்கூட வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சளி உறிஞ்சும் குழாயிலும் வென்டிலேட்டர் குழாயிலும் கழுவாத கையிலும் ஏறிப் பயணம் செய்யும். அந்த அசினெட்டோபாக்டரில் 82 சதவீதமும் கிளெப்சியெல்லாவில் 54 சதவீதமும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. முதல் மூன்று நாளில் பிடித்த கிருமிகளும் அதற்குப் பிறகு பிடித்தவையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இதற்கு ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். பல குழந்தைகளுக்குத் தொற்று பிரசவ அறையிலேயே, பிறந்த சில மணி நேரத்திலேயே, ஆஸ்பத்திரியிலிருந்து ஏறியிருக்கிறது. பாடப்புத்தகக் கோடு இங்கே செல்லாது.

உங்கள் பையனுக்கு வந்தது ஐந்தாம் நாள். குறைமாதம், 1,700 கிராம், கையில் ட்ரிப்ஸ் ஊசி, மூக்கிலோ வாயிலோ குழாய், ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கை படும் கண்ணாடிப் பெட்டி. வந்தது கிளெப்சியெல்லா, கொலிஸ்டின் வரை போக வேண்டியிருந்தது. இப்படி ஒரு கேஸ் ஷீட்டை முன்னால் வைத்தால், எந்த அனுபவமுள்ள பச்சிளங்குழந்தை மருத்துவரும் முதலில் வார்டைத்தான் சந்தேகப்படுவார். நான்கு வருடம் கழித்து இதை யாரும் நிரூபிக்க முடியாது. அன்று உங்கள் குடல் கிருமியையும் அவன் ரத்தத்தில் வளர்ந்த கிருமியையும் மரபணு அளவில் ஒப்பிட்டிருந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம், அதை யாரும் வழக்கமாகச் செய்வதில்லை. ஆனால் ‘என் கிருமிதான் என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தது’ என்று நீங்கள் நான்கு வருடமாகச் சுமப்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எங்கள் துறையில் ‘அம்மாவிடமிருந்து வந்திருக்கும்’ என்பது ரொம்ப வசதியான பதில். அதைச் சொன்ன பிறகு வாஷ் பேசினில் சோப்பு இருந்ததா, இரண்டு குழந்தைக்கு நடுவில் எத்தனை அடி இடம் இருந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அதற்காக அம்மாவிடமிருந்து போகவே போகாது என்றும் சொல்ல மாட்டேன். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, எத்தியோப்பியா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில் தாய்களிடமும் பச்சிளங்குழந்தைகளிடமும் மாதிரி எடுத்துப் பார்த்த ‘பர்னார்ட்ஸ்’ ஆய்வில், மருந்துக்கு அடங்காமல் செய்யும் மரபணுக்கள் இரு தரப்பிலும் தாராளமாக இருந்தன. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தையின் குடலிலும் இருந்தன. தாயிடமிருந்து கொஞ்சம், தொட்ட கைகளிலிருந்து கொஞ்சம், வார்டிலிருந்து கொஞ்சம் என்றுதான் குழந்தைக்குக் கிருமி வந்து சேர்கிறது. தாயே பிரசவத்துக்கு அட்மிட் ஆன இடத்தில் அதை வாங்கியிருக்கவும் கூடும்.

இந்தக் குழந்தைக்குப் போகுமா என்றால், போகலாம். போனால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. நிறைமாதத்தில், நல்ல எடையோடு பிறந்து, அம்மா பால் குடிக்கிற குழந்தைக்கு மிகப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிறந்த குழந்தையின் குடல், ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் காலி டவுன் பஸ். யார் முதலில் ஏறித் துண்டு போடுகிறார்களோ அவர்களுக்கு இடம். அம்மாவின் நல்ல பாக்டீரியாக்கள், முக்கியமாக பிஃபிடோபாக்டீரியம், முதலிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டால் ஈ.கோலையும் கிளெப்சியெல்லாவும் ஓரமாக நின்றுகொண்டு வர வேண்டியதுதான். அவை ரத்தத்துக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும்: குறைமாதக் குழந்தையின் மெல்லிய தோல், முதிராத குடல், ஊசி, குழாய். ஆபத்து கூடுவது அங்கேதான்.

‘சுத்தம்’ செய்யக் கூடாது என்று ஆரம்பத்தில் சொன்னதன் காரணமும் இதுதான். ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் எடுத்தால் முதலில் சாவது உங்கள் நல்ல கிருமிகள். இ.எஸ்.பி.எல். பிழைத்துக்கொள்ளும், காலியான இடத்தில் பெருகும். பிரசவ நாளில் குழந்தைக்குப் போவது அந்த மிச்சம்தான்.

அமெரிக்காவில் தாய்க்கு மருந்து கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்றுகிறார்களே என்று நீங்கள் படித்திருக்கலாம். உண்மைதான். அங்கே கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் எல்லாருக்கும் ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சோதனை உண்டு. இருந்தால் பிரசவ வலி எடுத்த பிறகு பென்சிலின் ஊசி போடுவார்கள். 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 1.8 என்றிருந்த முதல்வார நோய், 2015இல் 0.23 ஆக இறங்கியது. அது பலித்ததற்குக் காரணம், ஒரே ஒரு கிருமி, அது இன்னும் பென்சிலினுக்கு அடங்கும் கிருமி, மருந்து கொடுப்பதும் வலி எடுத்த பிறகு மட்டும். முன்கூட்டியே மாத்திரை கொடுத்தால் பிரசவத்துக்குள் திரும்ப வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் குழந்தைகளைப் படுத்துவது வேறு கூட்டம்.

நம் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி ஒன்றை முயற்சி செய்தும் பார்த்தாகிவிட்டது. பிரசவ வலியில் இருக்கும் பெண்களுக்கு அசித்ரோமைசின் 2 கிராம் ஒரே வேளை. இந்தியாவின் பெலகாவி, நாக்பூர் நகரங்களையும் சேர்த்து ஏழு நாடுகளில் ஏறத்தாழ 29,000 பெண்களிடம் செய்த சோதனையின் முடிவு 2023இல் வந்தது. தாய்க்கு நல்ல பலன்: தாயின் செப்சிஸ் அல்லது மரணம் 2.4 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. குழந்தைக்கு? இறந்து பிறப்பது, பிறந்து இறப்பது, செப்சிஸ் எல்லாம் சேர்த்து மருந்து கொடுத்த பக்கம் 10.5, கொடுக்காத பக்கம் 10.3. வித்தியாசமே இல்லை. காம்பியாவிலும் புர்கினா ஃபாசோவிலும் நடந்த சோதனையிலும் குழந்தைக்கு லாபம் கிடைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, தேவையான இடத்தில் மருந்தை மறுத்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று திரும்பினால் எடுக்க வேண்டும். 37 வாரத்துக்கு முன் பனிக்குடம் உடைந்தால் எடுக்க வேண்டும். பிரசவத்தில் காய்ச்சல் வந்து கர்ப்பப்பைத் தொற்று என்று சந்தேகப்பட்டால் கட்டாயம் எடுக்க வேண்டும். பனிக்குடம் உடையாமல், தொற்றும் இல்லாமல், வெறும் குறைமாத வலி மட்டும் என்றால் அதற்காக ஆன்டிபயாடிக் வேண்டாம். பிரிட்டனில் அப்படிக் கொடுத்துப் பார்த்த தாய்களின் பிள்ளைகளை ஏழு வயதில் சோதித்தபோது மூளை முடக்குவாதம் சற்றுக் கூடுதலாக இருந்தது.

சிசேரியனைப் பற்றி. சாதாரணப் பிரசவத்தில் அம்மாவின் கிருமி போகும், அறுத்து எடுத்தால் போகாது என்று நினைப்பது இயல்பு. பிரிட்டனில் 596 குழந்தைகளின் மலத்தை மரபணு அளவில் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். சிசேரியன் குழந்தைகளிடம் அம்மாவின் நல்ல கிருமிகள் குறைவு. அந்த இடத்தில் என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா மாதிரியான ஆஸ்பத்திரிக் கிருமிகள் அதிகம். அம்மா கிருமிக்குப் பயந்து ஆஸ்பத்திரிக் கிருமியை ஏற்றிவிடுவதில் என்ன லாபம்? வேறு காரணத்துக்காகச் சிசேரியன் தேவைப்பட்டால் தயங்க வேண்டாம். மாதங்கள் போகப் போக இந்த வித்தியாசம் பெரிதும் மங்கிவிடுகிறது. கத்தி வைப்பதற்கு முன் ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் போடுவார்கள், அது உங்கள் புண்ணுக்காக, அவசியமானது. தையல் பிரிக்கும் வரை தினமும் போடுவதுதான் பல இடங்களில் தேவையில்லாத பழக்கம். அம்மாவின் பிறப்புறுப்புத் திரவத்தைத் துணியில் நனைத்துக் குழந்தைமேல் தடவுகிற ஒரு ஃபேஷனும் வந்திருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

தாய்ப்பால். நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதி உண்மை. பின்லாந்தில் தாயின் குடல், தாய்ப்பால், குழந்தையின் குடல் மூன்றையும் சோதித்ததில், மருந்துக்கு அடங்காத மரபணுக்கள் பால் வழியாகவும் குழந்தைக்குப் போவது தெரிந்தது. தலைப்புச் செய்திகள் அதோடு நின்றுவிட்டன. அதே ஆய்வின் மறுபாதி என்னவென்றால், குறைந்தது ஆறு மாதம் தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் குடலில் அத்தகைய கிருமிகள், சீக்கிரமே பால் நிறுத்தப்பட்டவர்களைவிடக் குறைவாக இருந்தன. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரைகள் உண்டு, கொழுப்புக்கும் லாக்டோஸுக்கும் அடுத்து அதிகமாக இருப்பவை அவைதான். குழந்தைக்குப் பயன்படாத சாப்பாட்டை அம்மாவின் உடம்பு ஏன் தயாரிக்க வேண்டும்? பிஃபிடோபாக்டீரியத்துக்காக. அதைத் தின்று பெருகி அமிலத்தைச் சுரந்து மற்ற கிருமிகளை அடக்கி வைப்பது அதன் வேலை. ஆகவே பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், சிசேரியன் என்றாலும் முடிந்த அளவு சீக்கிரம். வீட்டில் பெரியவர்கள் சேனை தொட்டு வைக்கிறோம், சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு என்று வருவார்கள். அன்பாகவே மறுத்துவிடுங்கள். அது முடியாவிட்டால் டாக்டர் திட்டுவார் என்று என்மேல் பழியைப் போடுங்கள்.

புரோபயாடிக் சொட்டு மருந்து வாங்கிக் கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். ஒடிசா கிராமங்களில் 4,500க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸ் வகையை ஏழு நாள் கொடுத்ததில், செப்சிஸும் மரணமும் சேர்த்து 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. 2017இல் வந்த அருமையான ஆய்வு. ஆனால் அது 35 வாரம் தாண்டி, 2 கிலோவுக்கு மேல் பிறந்து, தாய்ப்பால் குடித்த குழந்தைகளுக்குக் கொடுத்தது. கடையில் இருக்கும் பாட்டிலில் அதே வகைதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்டதையும் கொடுத்து அதுவே ரத்தத்தில் கலந்த சம்பவங்களும் உண்டு. நீங்களாக வாங்க வேண்டாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டிய வேலை. அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தாய் சேய் நல அட்டையோடு சேர்த்துப் பின் பண்ணிவிடுங்கள். பிரசவத்துக்கு அட்மிட் ஆகும்போது மகப்பேறு மருத்துவரிடமும் குழந்தை மருத்துவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்குத் தொற்று சந்தேகம் வந்தால் வழக்கமாக ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் தொடங்குவார்கள். அம்மாவிடம் இ.எஸ்.பி.எல். இருந்தது என்று தெரிந்தால் குழந்தையின் நிலைமையைப் பார்த்து வேறு மருந்தை முதலிலேயே யோசிப்பார்கள். உங்கள் மூத்தவனுக்கு மருந்து மாற்றி மாற்றிப் போன நாட்கள் இந்த முறை மிச்சமாகும். அம்மாவிடம் கிருமி இருந்தது என்பதற்காக மட்டும் நன்றாக இருக்கிற குழந்தைக்கு ஊசி போட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மருந்து தொடங்கும்படி ஆனால் இரண்டு கேள்வி கேளுங்கள். ‘முதல் டோஸுக்கு முன்னால் பிளட் கல்ச்சர் எடுத்தாச்சா?’ என்பது ஒன்று. ‘கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் எப்போது நிறுத்துவீர்கள்?’ என்பது இரண்டாவது. உண்மையான தொற்று என்றால் பெரும்பாலும் 36 மணி நேரத்துக்குள் கிருமி வளர்ந்து காட்டிவிடும். வளரவில்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால் இரண்டு நாளில் நிறுத்திவிடலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஏழு நாள் போடுவது பாதுகாப்பு அல்ல. கல்ச்சரில் எதுவும் வளராத மிகக் குறைந்த எடைக் குழந்தைகளுக்கு ஐந்து நாளோ அதற்கு மேலோ மருந்து போன இடங்களில் குடல் அழுகலும் மரணமும் கூடுதலாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படாதீர்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் பதில் சொல்வார்.

இந்தக் குழந்தையும் முன்கூட்டியே பிறந்துவிட்டால், நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளும் கங்காரு முறையைப் பிறந்த உடனேயே தொடங்க முடியுமா என்று கேளுங்கள். முன்பெல்லாம் குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் கொடுப்போம். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து செய்த ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளை உடனடியாக அம்மா நெஞ்சில் வைத்தபோது 28 நாளுக்குள் நேர்ந்த மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆக இறங்கியது, செப்சிஸும் குறைந்தது. 2021இல் வந்த முடிவு. அம்மா எப்போதும் கூடவே இருந்ததால் குழந்தைமேல் மற்றவர்கள் கை படுவது குறைந்ததும், அம்மாவின் தோல் கிருமிகள் முதலில் சேர்ந்ததும் காரணமாக இருக்கும் என்று கருதுகிறார்கள். உங்கள் கிருமியை எதிரியாகப் பார்க்காதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை.

வார்டில் குழந்தையைத் தொட வருகிற யாராக இருந்தாலும், நான் உட்பட, கையைக் கழுவினார்களா என்று பாருங்கள். பார்க்க வருகிறவர்கள் கூட்டம் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு தொப்புள் கொடியில் மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் வேண்டாம், காய்ந்து தானாக விழட்டும். குளிப்பாட்டும் பாட்டி மூக்கில் ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை எடுப்பது இவையெல்லாம் கூடாது. பாசத்தில் குறையில்லை, ஆனால் கிருமி ஏறுகிற நேர்வழி அது. மூத்தவன் தம்பியையோ தங்கையையோ கை கழுவிவிட்டுத் தாராளமாகத் தொடலாம். சளி இருந்தால் மட்டும் சில நாள் தள்ளி இருக்கட்டும்.

கோழி, முட்டை விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கோழி வளர்ப்பில் ஆன்டிபயாடிக் ஏகமாகப் போனது, அதனால்தான் கொலிஸ்டினை அங்கே பயன்படுத்த 2019இல் மத்திய அரசு தடை போட்டது. ஆனால் நன்றாக வெந்த கறியிலும் முட்டையிலும் கிருமி உயிரோடு இருக்காது. பச்சைக் கறி பட்ட கையும் கத்தியும் பலகையும்தான் கவனிக்க வேண்டியவை. கர்ப்பத்தில் புரதத்தைக் குறைப்பது நல்லதல்ல, இன்றைக்கே முட்டையைத் திரும்ப ஆரம்பியுங்கள்.

கடைசியாக, வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது: பால் குடிக்க மறுப்பது அல்லது சப்பும் வேகம் திடீரென்று குறைவது, தட்டி எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடு, இல்லாவிட்டால் 35.5க்குக் கீழே குளிர்ந்து போவது. பச்சைக் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, உடம்பு சில்லிட்டுப் போவதும் அதே அறிகுறிதான். கிராம சுகாதார செவிலியர் வருகிற நாள் வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மருந்துக்கடை சிரப் வேண்டாம். நடுராத்திரி என்றாலும் 108ஐக் கூப்பிட்டு, பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கிற அரசு மருத்துவமனைக்கோ நீங்கள் பிரசவம் பார்த்த இடத்துக்கோ போய்விடுங்கள். அந்த ஜெராக்ஸையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.